வெடிப்பில் பதித்த நீலக்கல்

இல்லமும் கைத்தொழிலும்



வெடித்த கட்டையைத் தச்சர் எவரும் விரும்புவதில்லை. நிலைக்கும் ஆகாது, கதவுக்கும் ஆகாது என்று ஒதுக்கி அடுப்புக்கு அனுப்பிவிடுவது வழக்கம். ஆனால் அமெரிக்க நாட்டின் தென்மேற்குப் பகுதியில், சிறப்பாக அரிசோனா, டெக்சஸ் மாநிலங்களில், மரக்கிண்ணம் கடைவோர் பலர் வெடிப்பும் புழுத்துளையும் நிறைந்த கட்டையையே தேடி எடுக்கின்றனர். அதனைக் கடைசல் இயந்திரத்தில் பொருத்திக் கிண்ணமாக்குகின்றனர். வெடிப்புகளில் நீலப் பசுங்கல்லை இடித்து நிரப்புகின்றனர். பின்னர் மரமும் கல்லும் ஒரே பரப்பாக மின்னும்வரை தேய்த்து மெருகேற்றுகின்றனர். செம்பழுப்பான மரத்தில் வானத்து நீலம் ஓடை போல் வளைந்து செல்லும் அக்கிண்ணங்களைப் பற்றியே இத்திங்கள் எழுத விழைகிறோம்.

கடல் கடந்த நாட்டின் அழகுப் பொருள் நமக்கு எதற்கு என்று சிலர் வினவலாம். அக்கிண்ணத்தின் மரம் நமக்கு அயலானதன்று. நம் கண்மாய்களையும் தரிசு நிலங்களையும் வளைத்துக்கொண்டு நிற்கும் சீமைக் கருவேலத்தின் உடன்பிறப்பே அது. அன்றியும், இவ்வேலையைக் கற்றுக்கொள்ள இன்று நம் இளைஞர்க்கும் வாய்ப்பு உண்டு. அதில் அழகு உள்ள அளவுக்கு ஆபத்தும் உண்டு. இரண்டையும் அறிந்த பின்னரே உளியைக் கையில் எடுக்க வேண்டும்.

மரத்தில் கல் பதிக்கும் பழங்கலை

பொன்னில் கல் இழைப்பதை நாம் அறிவோம். மரத்தில் கல் பதிப்பதும் அதற்கு இளைத்த கலையன்று. இன்றைய ஈராக் நாட்டில் உள்ள ஊர் என்னும் தொல்நகரை ஆங்கில அகழ்வாய்வாளர் லெனார்டு வூலி 1922 முதல் 1934 வரை தோண்டினார். அங்கே அரச கல்லறை ஒன்றில், ஏறக்குறைய 4,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட சிறு பேழை போன்ற பொருள் ஒன்று கிடைத்தது. வைடூரியம் அன்று, லாபிஸ் லசூலி எனப்படும் கருநீலக் கல். அதனுடன் சிப்பியும் செந்நிறச் சுண்ணாம்புக் கல்லும். இவற்றை மரத்தின்மேல் நிலக்கீல் கொண்டு ஒட்டி, போர்க்காட்சியும் விருந்துக்காட்சியும் அமைத்திருந்தனர். மரம் மட்கி மறைந்துவிட்டது. கற்கள் மண்ணுள் எஞ்சின. அவற்றின் வரிசையைக் கொண்டே பேழையை மீண்டும் உருவாக்கினர். இன்று அது இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

அதே அருங்காட்சியகத்தில் மெக்சிகோ நாட்டு அஸ்டெக் மக்களின் இருதலைப் பாம்பு உருவமும் உள்ளது. செடார் இன மரத்தைக் குடைந்து உருவாக்கி, அதன்மேல் நீலப் பசுங்கல்லின் சிறுசிறு துண்டுகளை மரப்பிசினால் ஒட்டியிருக்கின்றனர். நியூ மெக்சிகோ மாநிலத்துச் சாக்கோ பள்ளத்தாக்கில் வாழ்ந்த பழங்குடி மக்களும் இக்கல்லை ஆயிரக்கணக்கில் துளைத்தும் இழைத்தும் பயன்படுத்தினர். ஆகவே மரம், கல், பிசின் ஆகிய மூன்றும் கூடிய இக்கலை நேற்றுத் தோன்றியதன்று. கடைசல் இயந்திரமும் விரைவில் இறுகும் பசையுமே இதற்குப் புதியவை.

நீலப் பசுங்கல்லை ஆங்கிலத்தில் டர்க்காய்ஸ் என்பர். பாரசீகத்து நிஷாப்பூர்ச் சுரங்கக் கல் துருக்கி வழியாக ஐரோப்பாவை அடைந்தமையால் இப்பெயர் பெற்றது. செம்பும் அலுமினியமும் பாஸ்பேட்டும் நீரும் சேர்ந்த கனிமம் இது. வறண்ட நிலத்தில் செம்பு கலந்த நீர் பாறையினூடே கசியும்போது உண்டாவது. எனவேதான் வறண்ட நிலமாகிய அரிசோனாவில் இது மிகுதியாகக் கிடைத்தது. அம்மாநிலத்தின் புகழ்பெற்ற ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கத்தில் இக்கல் எடுப்பது 2012-இல் நின்றுவிட்டது. அதே வறண்ட மண்ணில் வளரும் மரம் மெஸ்கீட். ஒரு மண்ணின் மரமும் அம்மண்ணின் கல்லும் ஒரே கிண்ணத்தில் கூடுவது இயல்பான இணைப்பே.

அசையும் மரமும் அசையாக் கல்லும்

இக்கலையின் இடர்ப்பாடு எங்கே உள்ளது? மரம் வெட்டுண்ட பின்னும் ஓய்வதில்லை. மழைக்காலத்து ஈரத்தை உண்டு பருக்கிறது. கோடையில் வற்றிச் சுருங்குகிறது. ஐப்பசியில் இறுகிக்கொள்ளும் கதவு பங்குனியில் தானே தளர்வதை எல்லா வீட்டிலும் காண்கிறோம். கல்லோ பருப்பதுமில்லை, சுருங்குவதுமில்லை. இவ்விரண்டையும் ஒரே உருவில் பிணைத்தால், என்றேனும் ஒரு நாள் மரம் கல்லை வெளியே தள்ளும். அல்லது கல்லைச் சுற்றித் தானே வெடிக்கும்.

மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. நார் ஓடும் நீளவாக்கில் சுருக்கம் மிகச் சிறிது. நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் அதனினும் மிகுதி. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையிலோ எல்லாவற்றினும் மிகுதி. தேக்கு பச்சை நிலையிலிருந்து முற்றும் உலரும்போது, நடுவிலிருந்து பட்டையை நோக்கி 2.6 விழுக்காடும், வளையத்தை ஒட்டி 5.3 விழுக்காடும் சுருங்கும். ஒன்றுக்கு ஒன்று இருமடங்கு. இவ்வேற்றுமையே கட்டை வெடிப்பதற்குக் காரணம்.

மெஸ்கீட் மரத்துக்கு இவ்வளவுகள் 2.2 விழுக்காடும் 2.6 விழுக்காடும் மட்டுமே. இரண்டும் சிறியவை; ஏறத்தாழச் சமமானவை. 25 சென்டிமீட்டர் அகலமுள்ள கிண்ணத்தை எடுத்துக்கொள்வோம். அத்திசையில் தேக்கு முழுதும் உலர்ந்தால் 13 மில்லிமீட்டர் வரை குறுகும். மெஸ்கீட் அதில் பாதியே குறுகும். கல்லைத் தாங்கிக்கொள்ளும் பொறுமை அம்மரத்துக்கு வாய்த்தது இதனாலேயே. ஆயினும் அது வெடிக்காத மரம் என்று பொருளன்று. கோணலாக வளர்ந்து, வண்டு துளைத்து, பட்டை உள்ளே புதைந்து, பல குறைகளோடுதான் அது வருகிறது. அக்குறைகளே கல்லுக்கு இடமளிக்கின்றன.

செய்யும் முறை

முதலில் வைரம் பாய்ந்த பகுதியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வெளிறு மென்மையானது, பூச்சிக்கு எளிதில் இரையாவது. பச்சைக் கட்டையாயின், விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் இருக்குமாறு சுவர் விட்டு முதற்கடைசல் முடிப்பர். 10 அங்குலக் கிண்ணத்துக்கு ஓர் அங்குலக் கனம். நார் வெட்டுண்ட முகங்களில் மெழுகு தடவி நிழலில் வைப்பர். வெட்டுமுகத்தின் வழியே ஈரம் விரைந்து வெளியேறுவதால் அங்கேதான் முதல் வெடிப்புத் தோன்றும். மெழுகு அவ்விரைவைத் தணிக்கிறது. மாதந்தோறும் தராசில் நிறுத்துக் குறித்து வர வேண்டும். எடை குறைவது நின்றதும் கட்டை உலர்ந்ததாகக் கொள்ளலாம். இதற்குப் பல திங்கள் ஆகும். இக்காத்திருப்பைக் குறைக்க எண்ணுபவரின் கிண்ணத்தில் கல் நிலைக்காது.

உலர்ந்த கட்டை கோணியிருக்கும். அதை மீண்டும் வட்டமாகக் கடைய வேண்டும். விட்டத்தை அங்குலத்தில் கணக்கிட்டு, அதனை நிமிடத்துக்குரிய சுற்று எண்ணிக்கையால் பெருக்கினால் 6,000-க்கும் 9,000-க்கும் இடையே வருமாறு வேகத்தை வைப்பது கடைசலாளர் பின்பற்றும் வரம்பு. 10 அங்குலக் கிண்ணத்துக்கு 600 முதல் 900 சுற்று. வெடித்த கட்டைக்கோ இதனினும் குறைந்த வேகமே தகும். வெடிப்பு ஆழமாக இருந்தால் சுழற்சியில் கட்டை இரு கூறாகச் சிதறிப் பாயும். முகம் முழுவதையும் மறைக்கும் காப்புக் கண்ணாடி அணிவதும், சுழலும் கட்டைக்கு நேராக நில்லாமல் ஒதுங்கி நிற்பதும் இன்றியமையாதவை.

பின்னர் வெடிப்பினுள் உள்ள மட்கிய பட்டையையும் தூசையும் ஊசியாலும் தூரிகையாலும் அகற்ற வேண்டும். வெடிப்பு மறுபுறம் வரை சென்றிருந்தால் அப்புறத்தில் ஒட்டுநாடா ஒட்டி அடைக்க வேண்டும். வெடிப்பின் ஓரங்களில் ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கைத் தடவிக்கொள்வது நன்று. இல்லையேல் பசை மரத்துள் ஊறிக் கறை படியும்.

கல்லை இரும்பு உரலில் இட்டு இடித்துச் சல்லடையால் பருமணி, சிறுமணி, பொடி என்று மூவகையாகச் சலிப்பர். பருமணி முதலில் இடப்படும். சிறுமணி அதன் இடுக்குகளை நிரப்பும். பொடி மேற்பரப்பை மூடும். அதன்மேல் நீர்போன்ற சையனோஅக்ரிலேட் பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டால் மணிகளினூடே ஊறிச் சென்று இறுகும். நம் கடைகளில் ஃபெவிக்விக் என்று விற்பது இவ்வினத்துப் பசையே. 1942-இல் கோடாக் நிறுவன ஆய்வாளர் ஹாரி கூவர் இப்பொருளைக் கண்டார். 1958-இல் விற்பனைக்கு வந்தது. வெடிப்பு மிக ஆழமாயின், இரு பொருள்களைக் கலந்து இறுகச் செய்யும் எபாக்சிப் பசையுடன் கல்பொடியைக் குழைத்து அடைப்பர். மரத்தின் பரப்பைவிடக் கல் சற்று மேடாக நிற்கும்வரை நிரப்ப வேண்டும்; தேய்க்கும்போது பள்ளம் விழாமலிருக்க அதுவே வழி. வெடிப்பு இல்லாத கிண்ணத்தில், விளிம்பைச் சுற்றி 3 மில்லிமீட்டர் அகலத்தில் வாய்க்கால் வெட்டி இதே முறையில் நிரப்புவதும் உண்டு.

சிந்திய பசையைப் பருத்தித் துணியால் துடைக்கலாகாது. பருத்தியும் இப்பசையும் சேர்ந்தால் சூடேறிப் புகையும், விரலும் வெந்துபோகும்.

இனித் தேய்ப்பு. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் முறையைப் பிரெடரிக் மோஸ் 1812-இல் வகுத்தார். அதன்படி நீலப் பசுங்கல் 5 முதல் 6. பச்சை நிறமுள்ள மாலகைட் 3.5 முதல் 4, பளிங்குக்கல்லின் மூலப்பொருளான கால்சைட் 3, படிகக்கல் 7. ஆகவே நீலப் பசுங்கல்லின்மேல் எஃகு உளி விரைவில் மழுங்கும். கார்பைடு முனை கொண்டோ, உப்புத்தாள் கொண்டோதான் மேட்டைக் குறைக்க இயலும். உப்புத்தாள் 120 எண்ணில் தொடங்கி, 180, 240, 320, 400 என்று படிப்படியாக ஏற வேண்டும். அழுத்தித் தேய்த்தால் சூட்டினால் பசை இளகிக் கல் பெயரும். இறுதியில் ஆளிவிதை எண்ணெயோ அரக்கோ பூசி மெருகிடுவர். அவ்வெண்ணெய் தோய்ந்த கந்தையைச் சுருட்டி மூலையில் எறியலாகாது; தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது. விரித்து வெளியில் உலர்த்த வேண்டும்.

கண்ணுக்குப் புலப்படாத பகை

இதுகாறும் கூறியது கண்ணுக்குத் தெரியும் வேலை. கண்ணுக்குத் தெரியாத பகை ஒன்றுண்டு, அதுவே தூசு.

குஜராத் மாநிலத்துக் கம்பாத் நகரில் அகேட் என்னும் கல்லை இழைத்து மணியாக்கும் தொழில் நெடுங்காலமாக நடைபெறுகிறது. அதனைச் செய்வோர் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய்க்கு இரையாகின்றனர். மத்தியப் பிரதேசத்து மந்த்சௌரில் பள்ளிச் சிறுவர்க்கான பலகைக்குச்சி அறுத்த தொழிலாளரும் அவ்வாறே மாண்டனர். கல்லிலுள்ள சிலிகாவின் நுண்துகள் நுரையீரலுள் தங்கி அதனைத் தழும்பாக்கி இறுக்கிவிடுகிறது. தழும்பானதை மீட்க மருந்தில்லை. இந்நோயுற்றோரைக் காசநோய் எளிதில் பற்றுகிறது. கம்பாத்தில் பலர் வீட்டிலேயே தொழில் செய்வதால், கல்லைத் தொடாத மனைவி மக்களும் அத்தூசையே சுவாசிக்கின்றனர்.

கல் மட்டுமன்று, மரத்தூளும் தீங்கற்றதன்று. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை 1995-இலும், படிகச் சிலிகாவை 1997-இலும் மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பவை என்று வகைப்படுத்தியது. கல் பதித்த கிண்ணத்தைத் தேய்ப்பவர் இரண்டையும் ஒருங்கே சுவாசிக்கிறார். நீலப் பசுங்கல்லின் ஊடே ஓடும் கரிய நரம்புகளில் படிகச் சிலிகா கலந்திருத்தல் கூடும். மாலகைட்டின் தூளிலோ செம்பு உண்டு.

மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்வது போதாது. பருந்தூளை அது தடுக்கும். நோய் விளைக்கும் நுண்துகள் அதனூடே எளிதில் புகும். என்-95 என்னும் முகமூடி, இடைவெளியின்றி முகத்தில் பொருந்தினால், நுண்துகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தேனும் தடுக்கும். கல்லை நனைத்துக்கொண்டு இடிப்பதும் அறுப்பதும் தூசை எழவிடா. பட்டறையில் தூசு உறிஞ்சும் கருவி இருத்தல் நன்று. உடுத்த உடையுடன் வீட்டினுள் புகுந்து குழந்தையைத் தூக்கலாகாது. துடைப்பத்தால் உலர்ந்த தரையைப் பெருக்குவதைவிட ஈரத் துணியால் துடைப்பதே மேல். இவற்றைச் செலவென்று எண்ணுபவர், மூச்சு வாங்க இயலாமல் திண்ணையில் அமர்ந்திருக்கும் நாற்பது வயதுக்காரரை ஒரு முறை நினைத்துப் பார்க்கட்டும்.

நம் சீமைக் கருவேலம்

டெக்சஸ் மாநிலத்து மாட்டுப் பண்ணையார்க்கு மெஸ்கீட் ஒரு சாபம். மேய்ச்சல் நிலத்தைக் கவர்ந்து, முள்ளால் கால்நடையைக் குத்தி, வெட்ட வெட்டத் துளிர்ப்பது அது. இரும்புச் சங்கிலி கட்டி இழுத்தும், வேரோடு உழுதும், மருந்து தெளித்தும் அதனுடன் போராடினர். இக்கதையைப் படிக்கும் இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டத்து வாசகர்க்கு விளக்கம் வேண்டியதில்லை.

நம் சீமைக் கருவேலம், சிலர் வேலிக்காத்தான் என்பது, மெஸ்கீட்டின் பேரினத்தைச் சேர்ந்ததே. 1877-ஆம் ஆண்டளவில் அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பைப் பகுதியில், ஜமைக்காத் தீவிலிருந்து வந்த விதை விதைக்கப்பட்டது. விறகுக்கும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் வந்த மரம், ஆடுமாடு தின்று கழித்த விதையால் எங்கும் பரவியது. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதனை அகற்ற ஆணையிட்டதும், 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் ஊடுருவல் தாவரங்களைப் பற்றிக் கொள்கை வெளியிட்டதும் நாம் அறிந்தவை. அதே 2022-இல் தாவரவியலார் இம்மரத்தையும் மெஸ்கீட்டையும் நெல்டூமா என்னும் தனிப் பேரினமாகப் பிரித்தனர். நம் வன்னி மரமோ பழைய புரோசோபிஸ் பேரினத்திலேயே நின்றது.

வெட்டிய சீமைக் கருவேலம் இன்று பெரும்பாலும் கரிமூட்டத்துக்கே செல்கிறது. முதிர்ந்த அடிமரமும், தோண்டியெடுத்த வேர்க்கட்டையும் மூட்டத்துக்குப் போகுமுன் ஒரு முறை கடைசலாளர் கண்ணில் படலாகாதா? அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடையும் கைத்திறன் நம்மிடம் உண்டு. அத்திறன் இக்கட்டையில் என்ன செய்யும் என்று சோதித்துப் பார்ப்பது தகும். ஒரே பேரினம் என்பதால் குணமும் ஒன்றே என்று நம்பிவிடலாகாது. சிறு கட்டைகளை உலர்த்தி, சுருக்கத்தை அளந்து, மழைக்காலம் ஒன்றைக் கடக்கவிட்டுப் பார்த்த பின்னரே விற்பனையைப் பற்றி எண்ண வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மரத்துக்கு ஒரு பயன் கண்டோம் என்பதால் அதனைக் கண்மாயில் வாழவிட வேண்டும் என்று வாதிடுவது முறையன்று. ஆயிரம் கிண்ணம் கடைந்தாலும் ஒரு கண்மாயின் மரம் தீராது. நீர்நிலையிலிருந்து அதனை அகற்றுவது அகற்றுவதே. அகற்றிய கட்டையில் நல்லதை எரிக்காமல் காப்பது மட்டுமே நாம் கூறுவது.

வாங்குவோர்க்குச் சில சொற்கள்

விற்பனைக்கு வரும் நீலக்கல் யாவும் உண்மையான நீலப் பசுங்கல் அன்று. ஹவுலைட் என்னும் வெண்கல்லுக்குச் சாயமேற்றி விற்பதுண்டு. கல்பொடியைப் பிசினுடன் கலந்து அழுத்திக் கட்டியாக்கியதும் உண்டு. இவற்றைப் பதிப்பது குற்றமன்று. இன்னது என்று சொல்லாமல் விற்பதே குற்றம். நேர்மையான கைவினைஞர் கேட்குமுன்னரே கூறுவார். கேட்ட பின்னும் மழுப்புபவரிடம் வாங்காதீர்.

நம் பாட்டிமார் மரவை என்னும் மரக்கிண்ணத்தில் ஊறுகாய் வைத்தனர். உப்பும் புளிப்பும் உலோகத்தை அரிக்கும், மரத்தை அவ்வாறு அரிக்கா. கல் பதித்த கிண்ணத்தை அவ்வாறு பயன்படுத்தலாகாது. மாலகைட் போன்ற செம்புக் கல் எலுமிச்சையிலும் புளியிலும் கரையும். கரைந்த செம்பு உணவில் சேரும். இது கண்ணுக்குரிய பொருள், வாய்க்குரியதன்று. உலர்ந்த கொட்டைகளோ சாவிக்கொத்தோ வைத்துக்கொள்ளலாம். வெயிலிலும், நீரிலும், குளிர்பதன இயந்திரத்தின் நேர்க்காற்றிலும் வைக்காதீர். கல் அசையாது; மரம் அசையும் என்பதை மறவாதீர்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். கையால் ஒன்றைச் செய்து பார்க்க விரும்பும் மகனையோ மகளையோ படிப்பைக் காட்டித் தடுக்காதீர். ஆயினும் பட்டறைக்கு அனுப்புமுன் நீங்களே ஒரு முறை சென்று பாருங்கள். முகக்காப்பு உண்டா? தூசு வெளியேற வழி உண்டா? கற்பிப்பவர் தாமே முகமூடி அணிகிறாரா? இம்மூன்றுக்கும் ஆம் என்னும் விடை கிடைத்தால் மகிழ்வோடு அனுப்புங்கள். கிடைக்காவிட்டால், கிடைக்கும் பட்டறை ஒன்றைத் தேடுங்கள். கிண்ணம் காத்திருக்கும், கட்டை உலர எப்படியும் பல திங்கள் ஆகுமன்றோ?